காகிதத்தில் பத்து விழுகிறது, எல்க் வேட்டைக்கு எங்கிருந்து தொடங்குவது?

பத்துமீட்டர்

எல்லோருக்கும் வணக்கம். கல்லூரிக் காலத்தில் சென்னையில் 10 மீட்டர் ஏர் ரைஃபிளில் ஆரம்பித்து, அப்புறம் 50 மீட்டர் ப்ரோன் (குப்புறப் படுத்துச் சுடுவது) சுட்டவன். அமெரிக்கா வந்து கிரீன் கார்டு கிடைத்த பிறகு பெரிய ரைஃபிள் பக்கம் போனேன். இப்போது கொலராடோ மாநிலத்து டென்வரில் இருக்கிறேன். 6.5 கிரீட்மோர் என்ற தோட்டா வகையில் கனமான போட்டி ரைஃபிள் ஒன்று வைத்திருக்கிறேன். 600 யார்டு வரை போட்டிகளுக்குப் போகிறேன். தோட்டாவை நானே ரீலோட் செய்கிறேன். 100 யார்டில் ஐந்து குண்டும் அரை அங்குலத்துக்குள் விழும்.

அலுவலக நண்பர் ஒருவர் போன குளிர்காலத்தில் எல்க் (பெரிய மான் வகை) கறி கொடுத்தார். மிளகு போட்டு வறுத்துச் சாப்பிட்டதிலிருந்து ஆசை பிடித்துக்கொண்டது. எங்கள் குடும்பத்தில் வேட்டைப் பழக்கமே கிடையாது. தாத்தா கோழி அறுப்பதைப் பார்த்ததோடு சரி.

இதே ரைஃபிளும் இதே 140 கிரெய்ன் (குண்டின் எடை அளவு) மேட்ச் குண்டும், அதாவது போட்டிக்கான குண்டும், போதுமா? முதல் வருடமே ஆண் எல்க் தேடிப் போகலாமா? உரிமம், டேக் (ஒரு மிருகத்தைச் சுடுவதற்கான அனுமதிச்சீட்டு) எல்லாம் எப்படி? சுடுவதைப் பற்றி எனக்குக் கவலை இல்லை, மற்றதைச் சொல்லுங்கள்.

ராக்கீஸ்_ராசு

தம்பி, கடைசி வரியை முதலில் பிடித்துக்கொள்கிறேன். நீங்கள் நன்றாகச் சுடுகிறவர் என்பதால்தான் சுடுவதைப் பற்றிக் கவலைப்படச் சொல்கிறேன். புதிதாகத் துப்பாக்கி எடுத்தவனுக்குத் தன் கைமேல் சந்தேகம் இருக்கும். தூரத்தில் நிற்கும் மிருகத்தைப் பார்த்தால் தானாகவே விட்டுவிடுவான். உங்களுக்கு அந்தப் பயம் கிடையாது.

ரேஞ்சில் உங்களுக்கு என்னென்ன இருக்கிறது என்று யோசித்துப் பாருங்கள். சமமான தரை, பாய், பைபாட், பின்னால் மணல் பை, அளந்து வைத்த தூரம், காற்றைக் காட்டக் கொடி, கணக்கில் சேராத சைட்டர் குண்டுகள். மலையில் இதில் ஒன்றுகூட கிடையாது. ஒன்பதாயிரம், பத்தாயிரம் அடி உயரத்தில் ஏறி வந்திருப்பீர்கள், மூச்சு அடங்கியிருக்காது, விரலில் கையுறை. முழங்கால் உயரத்துக்குப் புதர் வளர்ந்திருக்கும், ப்ரோன் படுத்தால் இலைதான் தெரியும். குளிர்ந்த பேரலிலிருந்து போகிற முதல் குண்டுதான் கணக்கு. இரண்டாவது குண்டில் திருத்திக்கொள்ளலாம் என்று நினைத்தால், அதற்குள் ஒரு மிருகம் வயிற்றில் அடிபட்டு ஓடிக்கொண்டிருக்கும்.

அதனால் உங்கள் ஐந்து குண்டு குரூப்பைக் கொஞ்ச நாள் மறந்துவிடுங்கள். 8 அங்குல பேப்பர் தட்டுகள் ஒரு கட்டு வாங்குங்கள். உட்கார்ந்து, மண்டியிட்டு, குச்சியில் தாங்கி நின்று, முதுகுப்பையைக் கல்லில் வைத்து அதன்மேல், இப்படி ஒவ்வொரு நிலையிலும் ஒரே ஒரு குண்டு சுடுங்கள். சுட்டதும் பேரலை ஆற விடுங்கள், எழுந்து நடங்கள், திரும்ப வாருங்கள். சுடுமுன் ஐம்பது அடி ஓடிவிட்டு வந்தால் இன்னும் நல்லது. எந்தத் தூரம் வரை ஒவ்வொரு முறையும் முதல் குண்டே தட்டில் விழுகிறதோ அதுதான் அந்த நிலையில் உங்கள் எல்லை. எல்க்கின் நெஞ்சுப்பகுதி தட்டைவிடப் பெரியதுதான். அந்த மிச்ச இடத்தைப் பதற்றத்துக்கு விட்டுவைக்க வேண்டும்.

இனி ரைஃபிள். போட்டி ரைஃபிள் எட்டு ஒன்பது கிலோ இருக்கும். அதைத் தூக்கிக்கொண்டு ஒரு காலைப்பொழுது ஏறிப் பாருங்கள், நீங்களே விற்பனைக்குப் போடுவீர்கள். ஸ்கோப்போடு மூன்றரை, நான்கு கிலோவுக்குள் சாதாரண போல்ட் ஆக்‌ஷன் ஒன்று வாங்குங்கள். அதே 6.5 கிரீட்மோர் இருக்கட்டும், .308 இருக்கட்டும், .30-06 இருக்கட்டும், அதில் சண்டை வேண்டாம். கொலராடோ விதிப்படி எல்க்குக்கு .24 காலிபருக்குக் குறையக்கூடாது, குண்டு 85 கிரெய்னுக்குக் குறையக்கூடாது, 100 யார்டில் 1000 அடி-பவுண்டு சக்தியாவது இருக்க வேண்டும். இதெல்லாம் தாராளமாகத் தாண்டும். மெல்லிய பேரல் மூன்று குண்டிலேயே சூடாகி குரூப் விரியும், அதைப் பார்த்துப் பதறாதீர்கள். டிரிகரை 100 கிராமுக்கு வைத்துப் பழகியிருப்பீர்கள். குளிரில் மரத்துப்போன விரலுக்கு அது ஆபத்து. ஒன்று, ஒன்றரை கிலோ இழுவை இருக்கட்டும்.

ஸ்கோப்பை எப்போதும் குறைந்த பெருக்கத்தில் வைத்து நடங்கள். 20-இல் வைத்துப் பழகியவர்கள் எல்லாருக்கும் இதுதான் பிரச்சினை. அறுபது யார்டில் எல்க் எழுந்து நிற்கும், ஸ்கோப்பில் பழுப்பு முடியைத் தவிர ஒன்றும் தெரியாது, தலையா பின்பக்கமா என்று தேடுவதற்குள் போய்விடும்.

உரிமம் பற்றி இரவு எழுதுகிறேன்.

சான்_ஆன்டோனியோ_செந்தில்

ராசு அண்ணன் குண்டைப் பற்றிச் சொல்லவில்லை, நான் சொல்கிறேன். மேட்ச் குண்டு வேண்டவே வேண்டாம்.

அதன் மூக்கில் இருக்கும் சின்ன ஓட்டையைப் பார்த்து "இது ஹாலோ பாயின்ட்தானே, விரியுமே" என்று நினைப்பவர்கள் உண்டு. அது விரிவதற்காக வைத்த ஓட்டை இல்லை, செய்முறையில் வருவது. ஊசி போல ஒரு பக்கம் நுழைந்து மறுபக்கம் போனாலும் போகும், எலும்பில் பட்டு உடைந்து சிதறினாலும் சிதறும். எது நடக்கும் என்று யாராலும் சொல்ல முடியாது. சியரா நிறுவனமே தன் மேட்ச்கிங் குண்டை வேட்டைக்குப் பரிந்துரைப்பதில்லை.

வேட்டைக்கு வேண்டியது இரண்டு: விரிய வேண்டும், விரிந்த பிறகும் உடையாமல் உள்ளே போக வேண்டும். ஜான் நாஸ்லர் என்பவர் 1946-இல் கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியாவில் மூஸ் (எல்க்கைவிடப் பெரிய மான் வகை) வேட்டைக்குப் போனார். அவர் சுட்ட குண்டுகள் சேறு பூசிய தோலிலும் தசையிலுமே உடைந்துபோயின. அந்தக் கடுப்பில் நடுவில் செம்புத் தடுப்பு வைத்து, முன்பாதி விரியவும் பின்பாதி முழுசாக நிற்கவும் ஒரு குண்டு செய்தார். அதுதான் பார்ட்டிஷன். இன்றைக்கும் கடையில் கிடைக்கிறது. முழுச் செம்புக் குண்டுகளும் நன்றாக வேலை செய்யும். கறியில் ஈயத்துணுக்கு கலக்காது என்பது எனக்குப் பெரிய விஷயம், வீட்டில் சின்னப் பிள்ளைகள் சாப்பிடுகிறார்கள். கலிஃபோர்னியாவில் காண்டோர் கழுகுகளைக் காக்க 2019 ஜூலையிலிருந்து வேட்டைக்கு ஈயமே கூடாது என்று ஆக்கிவிட்டார்கள். ஆனால் செம்பு விரிய வேகம் வேண்டும். நொடிக்கு 1800, 2000 அடிக்குக் கீழே போனால் பல செம்புக் குண்டுகள் விரிய மறுக்கும். பெட்டியில் எழுதியிருப்பார்கள், படியுங்கள்.

ரீலோட் செய்கிறவர் என்றால் இன்னொன்று. அரை அங்குல குரூப் வேண்டுமென்று வேட்டைத் தோட்டாவைக் குடைந்துகொண்டிருக்காதீர்கள். ஒன்றரை அங்குலம் வந்தால் போதும். தோட்டா மேகசினிலிருந்து சிக்காமல் ஏறுகிறதா, நனைந்தாலும் வெடிக்கிறதா, இவைதான் முக்கியம். போட்டிக்கு நீங்கள் குண்டைப் பேரலின் வரிப்பள்ளத்தைத் தொடுகிற அளவுக்கு வெளியே வைத்திருப்பீர்கள். காட்டில் சுடாமல் தோட்டாவை வெளியே எடுக்கும்போது குண்டு பேரலிலேயே மாட்டி, வெடிமருந்து முழுக்க ஆக்‌ஷனுக்குள் கொட்டும். அன்றைய வேட்டை அதோடு முடிந்தது.

ஆயிரம்யார்டு

இங்கே எப்போதும் இதே பாட்டுத்தான். "200 யார்டுக்கு மேல் சுடாதே." இவர் 600 யார்டில் போட்டி சுடுகிறவர். ரேஞ்ச்ஃபைண்டர், பாலிஸ்டிக் ஆப் எல்லாம் இருக்கிற காலம் இது. 600 யார்டில் 12 அங்குல இரும்புத் தகட்டைத் தட்டுகிறவனுக்கு எல்க்கின் நெஞ்சு என்ன பெரிய கஷ்டம்? திறமை இருப்பவனையும் இல்லாதவனையும் ஒரே தட்டில் நிறுத்துவது நியாயமில்லை.

ராக்கீஸ்_ராசு

தகடு நடக்காது தம்பி.

கணக்கே போடுவோம். 6.5 கிரீட்மோரில் 140 கிரெய்ன் குண்டு 600 யார்டு போய்ச் சேர முக்கால் விநாடிக்கு மேல் ஆகும். புல் மேய்ந்தபடி மெதுவாக நகரும் எல்க்கூட மணிக்கு மூன்று மைல் நடக்கும், அதாவது விநாடிக்கு நாலரை அடி. நீங்கள் டிரிகர் இழுத்த பிறகு அது ஒரு எட்டு எடுத்து வைத்தால் போதும். நுரையீரலில் பட வேண்டிய குண்டு குடலில் படும். உங்கள் குறியில் ஒரு குறையும் இருக்காது, மிருகம் மட்டும் இரண்டு நாள் கழித்து எங்கோ சாகும். ரேஞ்ச்ஃபைண்டர் இதைச் சொல்லாது.

இன்னொன்று, அந்தத் தூரத்தில் குண்டின் வேகம் 1900 அடிப் பக்கம் வந்திருக்கும். செந்தில் மேலே சொன்ன விரியும் எல்லைக்கே வந்துவிட்டது. அப்புறம் காற்று. பள்ளத்தாக்கின் இந்தப் பக்கம் கன்னத்தில் படுகிற காற்றும் நடுவில் ஓடுகிற காற்றும் ஒன்றல்ல, நடுவில் கொடி நட்டு வைக்க யாரும் இல்லை.

சுட்ட பிறகு அங்கே போய்ச் சேருவதையும் சொல்ல வேண்டும். பள்ளத்தாக்கைத் தாண்டி 600 யார்டு என்றால் ஒரு மணி நேரம் ஆகலாம். நின்ற இடம் எந்த மரத்தடி என்று அங்கே போனால் தெரியாது, எல்லா மரமும் ஒரே மாதிரி இருக்கும்.

ஆயிரம்யார்டு

நடக்கிற மிருகத்தைச் சுடச் சொல்லி யார் சொன்னது? நின்று மேய்கிறபோது, காற்று இல்லாதபோது, பையின்மேல் ப்ரோனில். சூழ்நிலை சரியாக இருந்தால் என் எல்லை எனக்குத் தெரியும். 450 வரை சுடுவேன், அதற்கு மேல் காற்றைப் பொறுத்து. கிட்டப் போக முடியாத வெட்டவெளியும் உண்டு.

ராக்கீஸ்_ராசு

"450, அதற்கு மேல் காற்றைப் பொறுத்து" என்பதும் முதலில் எழுதிய 600-ம் ஒன்றில்லை. இதை முதலிலேயே சொல்லியிருந்தால் சண்டையே வந்திருக்காது. முதல் வருடம் போகிற ஒருவருக்கு இன்னும் கீழே வைக்கச் சொல்கிறேன், அவ்வளவுதான். கிட்டப் போக முடியும்போதெல்லாம் கிட்டப் போகக் கற்பதுதான் வேட்டை. தூரத்திலிருந்து சுட்டே பழகினால் அது கடைசிவரை வராது.

புதுவரவு_டாலஸ்

நடுவில் வருவதற்கு மன்னிக்கவும். நான் எச்-1பி வேலை விசாவில் இருக்கிறேன். ரேஞ்சுக்குக்கூட போகக்கூடாது என்று ஒருவர், தாராளமாகத் துப்பாக்கி வாங்கலாம் என்று இன்னொருவர். எது சரி?

சான்_ஆன்டோனியோ_செந்தில்

இரண்டும் பாதி சரி. கூட்டாட்சிச் சட்டப்படி எச்-1பி, எஃப்-1 போன்ற குடியேற்றமில்லா விசாவில் இருப்பவர் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருக்கக் கூடாது. அதில் ஒரு விலக்கு உண்டு: ஏதாவது ஒரு மாநிலம் முறைப்படி கொடுத்த, காலாவதியாகாத வேட்டை உரிமம் கையில் இருந்தால் தடையில்லை. துப்பாக்கிக் கடையில் நிரப்பச் சொல்லும் 4473 படிவத்திலும் இந்தக் கேள்வி வரும். நண்பரின் துப்பாக்கியை ரேஞ்சில் இரண்டு நிமிடம் வாங்கிச் சுடுவதும் "வைத்திருப்பது" கணக்கில் வரக்கூடும், அதை மறக்காதீர்கள்.

டெக்சஸ்காரர்கள் மாட்டுவது எங்கே தெரியுமா? 2019 செப்டம்பர் முதல் இங்கே தனியார் நிலத்தில் காட்டுப்பன்றி சுட வேட்டை உரிமமே தேவையில்லை. "தேவையில்லையாமே" என்று உரிமம் எடுக்காமல் எச்-1பிக்காரர் பன்றி வேட்டைக்குப் போனால், மாநிலச் சட்டப்படி சரி, கூட்டாட்சிச் சட்டப்படி குற்றம். பன்றிக்கு இல்லாவிட்டாலும் உங்கள் விசாவுக்காக அந்த உரிமம் வேண்டும். உரிமம் ஒவ்வொரு வருடமும் முடிகிறது, முடிந்த மறுநாளும் துப்பாக்கி வீட்டில் இருந்தால் சிக்கல். கிரீன் கார்டு விண்ணப்பம் ஓடுகிற நேரத்தில் இதில் விளையாட வேண்டாம். பணம் போனாலும் ஒரு வக்கீலிடம் கேட்டுவிடுங்கள்.

பத்துமீட்டருக்கு கிரீன் கார்டு இருப்பதால் இந்தக் கவலை இல்லை.

கொல்லாமை

படித்துக்கொண்டே வந்தேன். குறி பார்ப்பது ஒரு கலை, ஒத்துக்கொள்கிறேன். அது காகிதத்தோடு நிற்கக் கூடாதா? ஒலிம்பிக் வரை போகக்கூடிய விளையாட்டை விட்டுவிட்டு உயிரை எடுக்கப் போவதற்கு என்ன தேவை வந்தது? கடையில் கறி கிடைக்காத ஊரா டென்வர்?

பத்துமீட்டர்

நியாயமான கேள்வி. நான் கறி சாப்பிடுகிறவன். கடையில் பிளாஸ்டிக் உறையில் வாங்கும்போது இந்தக் கேள்வியை என்னிடம் யாரும் கேட்டதில்லை, நானும் கேட்டுக்கொண்டதில்லை. நானே கொன்று நானே அறுத்த பிறகும் சாப்பிட முடிகிறதா என்று பார்க்க வேண்டும். முடியாவிட்டால் உங்கள் பக்கம் வந்துவிடுகிறேன்.

ராக்கீஸ்_ராசு

கொல்லாமை ஐயா, சைவம் சாப்பிடுகிற உங்களிடம் நான் வாதாட மாட்டேன், அந்த உரிமை உங்களுக்கு இருக்கிறது. ஒரு தகவல் மட்டும். நூறு வருடத்துக்கு முன்னால் கொலராடோவில் எல்க் ஏறக்குறைய ஒழிந்தே போயிருந்தது, சந்தைக்காகச் சுட்டுத் தீர்த்துவிட்டார்கள். வையோமிங்கிலிருந்து ரயிலில் கொண்டுவந்து விட்டு, வேட்டையை நிறுத்தி வைத்து, அப்புறம் கணக்காக டேக் கொடுத்து வளர்த்ததுதான் இன்றைய மந்தை. இன்று அமெரிக்காவிலேயே அதிக எல்க் இருப்பது இந்த மாநிலத்தில்தான். அந்தச் செலவில் பெரும்பங்கு உரிமக் கட்டணத்திலிருந்தும் துப்பாக்கி, தோட்டா வரியிலிருந்தும் வருகிறது. 1937-இல் வந்த பிட்மன்-ராபர்ட்சன் சட்டப்படி ரைஃபிளுக்கும் தோட்டாவுக்கும் 11 சதவீத வரி. பத்துமீட்டர் காகிதத்தில் சுட்ட ஒவ்வொரு பெட்டியிலும் அது போயிருக்கிறது. எல்க் பக்கமே போகாமல் இத்தனை வருடம் எல்க்குக்குப் படியளந்திருக்கிறார்!

கொல்லாமை

வரி விஷயம் எனக்குப் புதிது. கொல்வதற்காகக் காப்பது என்பதை என் மனம் ஏற்கவில்லை. ஆனால் சந்தைக்காரனைவிட நீங்கள் மேல் என்று சொல்லிக்கொண்டு நகர்கிறேன்.

வடக்குவாசல்_நோர்வே

வணக்கம் தம்பி. யாழ்ப்பாணத்தில் பிறந்து நோர்வேயில் இருக்கிறவன். இங்கே வேலையிடத்து ஆக்கள் மூலம்தான் மூஸ் வேட்டைக்குள் வந்தேன். ராசு அண்ணர் சொன்ன தட்டு விஷயத்தை இங்கே அரசாங்கமே சட்டமாக வைத்திருக்கிறது.

முதலில் வேட்டைக்காரர் வகுப்பும் எழுத்துப் பரீட்சையும். அது ஒருமுறை எடுத்தால் சரி. ஆனால் பெரிய மிருகம் சுட ஒவ்வொரு வருடமும் சுடும் பரீட்சை உண்டு. முதலில் முப்பது பயிற்சிச் சூடு பதிவாக வேண்டும். பிறகு 100 மீட்டரில் துருவமான் உருவத்தில் ஐந்து சூடு, ஐந்தும் நெஞ்சில் வரைந்த 30 சென்டிமீட்டர் வட்டத்துக்குள் விழவேண்டும். நாலு நடுவில் விழுந்து ஒன்று வெளியே போனால் தோல்விதான். உங்களைப் போல போட்டி சுடுகிற ஆக்களுக்கு இது ஒரு பொருட்டே இல்லை, சிரிப்பீர்கள். ஆனால் பரீட்சை கேட்பது ஐந்தும் உள்ளே இருக்கிறதா என்று மட்டும்தான், எத்தனை நடுவில் என்று கேட்காது. அந்த எண்ணத்தைப் பிடித்துக்கொள்ளுங்கோ. பத்துக்கும் ஒன்பதுக்கும் வித்தியாசம் மிருகத்துக்குத் தெரியாது. உள்ளேயா வெளியேயா என்பதுதான் தெரியும்.

இன்னுமொன்று. இங்கே மூஸ் வேட்டைக்குப் போகிற குழு, அடிபட்ட மிருகத்தைத் தேடப் பழக்கிய, அங்கீகாரம் பெற்ற நாய் ஒன்றை ஏற்பாடு செய்து வைத்திருக்கவேண்டும், அது சட்டம். அமெரிக்காவில் எப்படியோ, நீங்களும் வேட்டைக்குப் போகுமுன் அப்படி நாய் வைத்திருப்பவரின் தொலைபேசி இலக்கத்தை எழுதி வைத்திருங்கோ. சுட்ட பிறகு தேடினால் கிடைக்காது.

பத்துமீட்டர்

எல்லோருக்கும் நன்றி. பேப்பர் தட்டோடு ரேஞ்சுக்குப் போய்வந்தேன். கடன் வாங்கிய .308, மூன்றரை கிலோ. பையின்மேல் படுத்துச் சுட்டால் 300 யார்டில் தட்டு தப்பவே இல்லை. உட்கார்ந்து சுட்டால் 200 வரை நம்பிக்கையாக இருக்கிறது, ஸ்லிங்கை (துப்பாக்கி வார்) கையில் சுற்றினால் இன்னும் கொஞ்சம். 50 மீட்டர் ப்ரோன் பழக்கத்தில் ஸ்லிங் கைக்கு வந்துவிட்டது, அது ஒரு லாபம். குச்சியில் தாங்கி நின்று சுடுவதில் 100-ஐத் தாண்டினால் தட்டின் ஓரம்தான். ஓடிவிட்டு வந்து சுட்டால் எல்லாமே பாதியாகிறது.

கவனித்த இன்னொன்று: இழுத்ததும் தலையைத் தூக்கி, குண்டு எங்கே விழுந்தது என்று ஸ்பாட்டிங் ஸ்கோப்பைப் பார்க்கக் கை போகிறது. பல வருடப் பழக்கம்.

ராக்கீஸ்_ராசு

அருமை. இப்போது உங்களுக்கு நாலு எண் தெரியும், அது இங்கே முக்கால்வாசிப் பேருக்குத் தெரியாது.

தலை தூக்குவதை இப்போதே விடுங்கள். சுட்டதும் கன்னம் ஸ்டாக்கிலேயே இருக்க வேண்டும், கை மட்டும் போல்ட்டை இழுத்துத் தள்ள வேண்டும், கண் ஸ்கோப்பில் மிருகத்தின்மேல் இருக்க வேண்டும். வீட்டில் வெறும் துப்பாக்கியில், தோட்டா வேறு அறையில் இருக்கட்டும், இதை மட்டும் பழகுங்கள். எல்க் முரட்டு ஜென்மம். இரண்டு நுரையீரலும் போன பிறகும் ஒன்றுமே நடக்காதது போல நிற்கும். "தப்பிவிட்டது" என்று நினைத்துத் துப்பாக்கியை இறக்குகிறவர்கள் அதிகம். நின்றுகொண்டிருக்கும்வரை, நெஞ்சு தெரியும்வரை, மறுபடி சுடுங்கள். போட்டி சுடுகிறவனுக்கு ஒரே குண்டில் முடிக்க வேண்டும் என்ற கௌரவம் இருக்கும், அதை வண்டியிலேயே விட்டுவிட்டு வாருங்கள்.

எங்கே சுடுவது: பக்கவாட்டில் நிற்கிறபோது முன்காலின் பின்விளிம்பை ஒட்டி மேலே போங்கள், உடம்பின் உயரத்தில் கீழிருந்து மூன்றில் ஒரு பங்கு. அங்கே இரண்டு நுரையீரலும் இருக்கும், சற்றுக் கீழே இதயம். மிருகம் முகத்தை உங்களுக்கு அப்பால் திருப்பிக் கோணலாக நின்றால் மறுபக்கத்து முன்கால் எங்கே இருக்கும் என்று மனதில் வைத்து, அதை நோக்கிக் குண்டு போகும்படி சுடுங்கள். உங்களை நோக்கிக் கோணலாக நின்றால் காத்திருங்கள். பின்பக்கம் மட்டும் தெரிந்தால் சுடவே வேண்டாம். காகிதத்தில் வட்டம் எப்போதும் ஒரே இடத்தில் இருக்கும். இங்கே மிருகம் திரும்பத் திரும்ப வட்டம் நகரும்.

சுட்ட பின்: அது நின்ற இடத்தை ஏதாவது ஒரு மரம், பாறையோடு சேர்த்து மனதில் வையுங்கள், நீங்கள் நிற்கிற இடத்தில் ஆரஞ்சு நாடா ஒன்று கட்டுங்கள். அரை மணி நேரம் உட்காருங்கள். உடனே பின்னால் ஓடினால் படுக்கப் போனது எழுந்து ஓடும். பிறகு ரத்தம் பாருங்கள். வெளிர் சிவப்பில் நுரையோடு இருந்தால் நுரையீரல், அருகிலேயே கிடக்கும். கருஞ்சிவப்பு என்றால் கல்லீரலாக இருக்கலாம், இன்னும் சில மணி நேரம் காத்திருங்கள். பச்சையாக ஏதாவது கலந்து நாற்றம் வந்தால் குடல். அப்போது ஆறு, எட்டு மணி நேரம் தொடக்கூடாது. காத்திருக்க மனசு வராது, இருந்தாலும் காத்திருங்கள்.

சான்_ஆன்டோனியோ_செந்தில்

விழுந்த பிறகுதான் வேலையே. பெண் எல்க்கூட சராசரியாக 220 கிலோ இருக்கும். எலும்பு நீக்கினால் 60, 70 கிலோ கறி. ஒரு பின்தொடை மட்டும் எலும்போடு 25, 30 கிலோ. வண்டியிலிருந்து மூன்று மைல் தள்ளிச் சுட்டால் நாலைந்து நடை நடக்க வேண்டும். சுடுமுன் "இங்கே விழுந்தால் எப்படி வெளியே கொண்டுபோவேன்" என்று ஒருமுறை சுற்றிப் பாருங்கள். பள்ளத்தின் அடியில் நிற்கிற எல்க்கை விட்டுவிடுவது புத்திசாலித்தனம்.

தோலை உடனே உரிக்க வேண்டும். அந்த முடிக்குள் சூடு அப்படியே நிற்கும், வெளியில் பனி பெய்தாலும் தொடையெலும்பை ஒட்டிய கறி கெட்டுப்போகும். வயிற்றைத் திறக்காமலே பக்கம் பக்கமாகக் கால்களையும் முதுகுக்கறியையும் எடுக்கும் முறை ஒன்று இருக்கிறது, வீடியோ நிறைய உண்டு. தனியாகப் போனால் அதுதான் சுலபம். நல்ல கத்தி, துணிப்பைகள், தலைவிளக்கு. கறியை பிளாஸ்டிக் பையில் போடாதீர்கள், வியர்த்துவிடும். கசாப்புக் கடையில் ஆட்டுத்தொடை பிரிப்பதை நாலு முறை கிட்ட நின்று பார்த்துவிட்டுப் போனாலே கை பாதி பழகிவிடும்.

பத்துமீட்டர்

ராசு அண்ணா, உரிமம் பற்றி எழுதுகிறேன் என்றீர்கள். ஆண் எல்க்கா, பெண் எல்க்கா என்பதும் பாக்கி.

ராக்கீஸ்_ராசு

மன்னிக்கவும், வேலை.

1949 ஜனவரி 1 அன்றோ அதற்குப் பிறகோ பிறந்தவர்கள் கொலராடோவில் வேட்டைப் பாதுகாப்பு வகுப்பு முடித்த அட்டை இல்லாமல் பொதுவாக விண்ணப்பிக்க முடியாது. அதை இப்போதே முடித்துவிடுங்கள். நீங்கள் இந்த மாநிலத்தில் ஆறு மாதம் தொடர்ந்து குடியிருந்தவர் என்றால் உள்ளூர்க்காரர் கட்டணம், வெளியூர்க்காரரோடு ஒப்பிட்டால் மிகச் சொற்பம். டேக்குக்கான குலுக்கல் விண்ணப்பம் ஏப்ரல் தொடக்கத்தில் மூடிவிடும். வேட்டை அக்டோபரில்தானே என்று கோடைவரை தூங்குகிறவர்கள் பலர். மாநிலத்தை எண் போட்ட பகுதிகளாகப் பிரித்திருப்பார்கள், உங்கள் டேக் எந்தப் பகுதிக்கோ எந்த ஸீஸனுக்கோ அங்கே அப்போது மட்டும்தான்.

முதல் முறைக்குப் பெண் எல்க் எடுங்கள். ஆண் எல்க் என்றால் பெரும்பாலான பகுதிகளில் ஒரு கொம்பிலாவது நாலு கிளை இருக்க வேண்டும், அல்லது நெற்றிக் கிளை 5 அங்குலமாவது இருக்க வேண்டும். அரைவெளிச்சத்தில் மரங்களுக்கு நடுவே அதை எண்ணிக்கொண்டு நிற்பது முதல் வருடக்காரருக்கு வேண்டாத தலைவலி. பெண் எல்க் எண்ணிக்கையில் அதிகம், கறியும் மென்மை. முடிந்தால் அதற்கு முன்னால் கிழக்குச் சமவெளியில் பெண் ப்ராங்ஹார்னுக்கு (மான் போன்ற, எல்க்கைவிடச் சின்ன மிருகம்) ஒரு டேக் போடுங்கள். வெட்டவெளி, மிருகம் கண்ணுக்குத் தெரியும், தவழ்ந்து கிட்டப் போகப் பழகலாம், அறுக்கவும் பழகலாம், ஒரே நடையில் தூக்கியும் வந்துவிடலாம்.

ஆரஞ்சோ பிங்க்கோ ஒளிரும் நிறத்தில் 500 சதுர அங்குலம் உடம்பில் தெரிய வேண்டும், தொப்பியும் அதே நிறத்தில். சூரிய உதயத்துக்கு அரை மணி முன்னாலிருந்து அஸ்தமனத்துக்கு அரை மணி பின்வரை மட்டும். சுட்டதும் டேக்கில் கையெழுத்துப் போட்டு மிருகத்தோடு சேர்க்க வேண்டும். பெண் என்பதற்கான உறுப்பு அடையாளத்தைக் கறியோடு விட்டுவைக்க வேண்டும், சுத்தம் செய்கிறேன் என்று அதையும் வெட்டிப் போட்டால் வார்டன் அபராதம் எழுதுவார். மான்களை உருக்கும் சிடபிள்யூடி நோயை 1967-இல் முதலில் கண்டதே நம் ஃபோர்ட் காலின்ஸில்தான். தலையைப் பரிசோதனைக்குக் கொடுங்கள், முடிவு வரும்வரை கறியைத் தனியாக ஃப்ரீஸரில் வையுங்கள்.

பத்துமீட்டர்

பெண் எல்க் என்று முடிவு. ஒயிட் ரிவர் தேசிய வனத்தில் ஃபிளாட் டாப்ஸ் பக்கம் இரண்டு பகுதிகளைப் பார்த்து வைத்திருக்கிறேன். விண்ணப்பத்தில் நாலு விருப்பம் கேட்கிறார்களே, முதல் விருப்பத்திலேயே அதைப் போடலாமா?

ராக்கீஸ்_ராசு

பழைய குலுக்கல் முடிவுகளை மாநில வனவிலங்குத் துறை தளத்தில் போட்டிருக்கிறார்கள், முதலில் அதைப் பாருங்கள். அந்தப் பெண் எல்க் டேக் போன வருடங்களில் இரண்டாம் விருப்பத்திலேயே கிடைத்திருந்தால், முதல் விருப்பத்தில் "புள்ளி மட்டும்" குறியீட்டை (பின்வரும் குலுக்கல்களில் முன்னுரிமை தரும் புள்ளியை மட்டும் கேட்பது) போட்டுவிட்டு இரண்டாவதில் இதைப் போடுங்கள். டேக்கும் கையில் வரும், பின்னால் ஆண் எல்க்குக்கு ஒரு புள்ளியும் சேரும். இரண்டாம் விருப்பத்தில் கிடைத்ததில்லை என்றால் முதலிலேயே போடுங்கள். இந்த முறையை மாற்றப் போகிறார்கள், அதனால் விண்ணப்பிக்கிற வருடத்துக் கையேட்டை ஒருமுறை படித்துவிட்டு பட்டனை அழுத்துங்கள்.

அப்புறம், கடன் வாங்கிய .308-ஐத் திருப்பிக் கொடுத்துவிட்டுச் சொந்தமாக ஒன்று வாங்குங்கள். கோடை முழுக்கத் தட்டு சுட வேண்டியிருக்கிறது.